₹25,000-க்குள் இன்ஜினியரிங் முதலாண்டுக்கு லேப்டாப்: கடையில் புதுசா, எஸ்.பி. ரோட்டில் பழசா?

மாங்கூழ் (காவேரிப்பட்டணம்) கேட்டது:

வணக்கம். தங்கச்சிக்கு பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் ஈ.சி.ஈ. கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்கப் போகிறாள். லேப்டாப்புக்கு ஒதுக்கியது 25,000. இழுத்துப் பிடித்தால் 27,000. அதற்கு மேல் வழியில்லை, ஈ.எம்.ஐ.யும் வேண்டாம்.

கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் புதுசு காட்டினார்கள். செலரான் என்4500, 4 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 இன்ச், விண்டோஸ் 11, ஒரு வருட வாரண்டி, பை இலவசம், 24,500. இன்னொரு கடையில் பழைய லேப்டாப்: ஐ7, 8 ஜிபி, 17,000. என்ன மாடல் என்று கேட்டால் "கம்பெனி பீஸ்ங்க, சும்மா பறக்கும்" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கே போய்விடு என்று ஊரில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

புதுசா பழசா? நாலு வருடப் படிப்புக்கு உண்மையில் என்ன வேண்டும்? பழசு என்றால் ஏமாறாமல் எப்படிப் பார்த்து எடுப்பது? வீட்டில் கரண்ட் அடிக்கடி போகும், சாயங்காலம் வோல்டேஜும் குறையும். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.


சால்டர் இரும்பு:

அந்த 24,500 செலரானை முதலில் கழித்துவிடுங்கள். அட்டைப்பெட்டிதான் புதுசு. என்4500-ல் இரண்டு கோர் (கணக்குப் போடும் மூளை), இரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 6 வாட் சிப். 4 ஜிபி ராமில் பாதிக்கு மேல் விண்டோஸ் 11 எழுந்து உட்காரவே போய்விடும். மிச்சத்தில் கிரோமில் நாலு டேப், ஒரு பிடிஎஃப், ஒரு வீடியோ வகுப்பு என்று திறந்தால் ராம் நிரம்பி, எஸ்எஸ்டியில் எழுதி எழுதிப் படிக்க ஆரம்பிக்கும். விசையைத் தட்டியபின் எழுத்து வருவதற்குள் ஒரு வாய் டீ குடிக்கலாம். இந்த ரகத்தில் சில மாடல்களுக்கு ராம் போர்டிலேயே பற்றவைத்து வரும், பின்னால் கூட்ட வழியே இருக்காது. ஒரு வருட வாரண்டி வேகக்குறைவுக்குச் செல்லாது.

17,000 ஐ7 அதைவிட மோசமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஐ3, ஐ5, ஐ7 என்பது வெறும் குடும்பப் பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்தான் வயதைச் சொல்லும். 4600யு என்றால் 4-வது ஜெனரேஷன், 6600யு என்றால் 6-வது, 8250யு என்றால் 8-வது, 10210யு என்றால் 10-வது. 4600யு, 6600யு இரண்டுமே பெயரில்தான் ஐ7, உள்ளே இரண்டே கோர். முழு எண்ணைச் சொல்லாத கடையில் பேரம் பேச எதுவுமில்லை.

உங்கள் பட்ஜெட்டுக்கு நான் சொல்வது, ஐடி கம்பெனிகள் மூன்று நாலு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்த பிசினஸ் லேப்டாப். 8-வது ஜெனரேஷனுக்குக் கீழே இறங்காதீர்கள். காரணம் இரண்டு. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பட்டியல், ஓரிரு விதிவிலக்கு தவிர, 8-வதிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது: 7-வது ஜெனரேஷன் வரை இந்த மெல்லிய லேப்டாப்களில் வந்த ஐ5 எல்லாம் இரண்டு கோர்தான் (7200யு, 7300யு). 8250யு, 8350யு-வில் அது நாலு கோர், எட்டு திரெட் ஆனது. ஒரே ஒரு எண் வித்தியாசம், கோர் இரட்டிப்பு. 7-வதை வைத்திருக்கும் கடைக்காரர் "ஒரு ஜெனரேஷன்தானே சார்" என்பார். அங்கேதான் கணக்கே இருக்கிறது.

தேட வேண்டிய மாடல்கள் மூன்று: லெனோவா திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றும் 14 இன்ச். மூன்றிலும் ராமுக்கு இரண்டு ஸ்லாட், டிடிஆர்4. மூன்றுமே டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஆகும். அடிப்பக்க மூடியை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி பேட்டரி, எஸ்எஸ்டி, ஃபேன் எதையும் மாற்றலாம். 8 ஜிபி, 256 ஜிபியோடு இவை பெரும்பாலும் 18,000-லிருந்து 23,000-க்குள் கேட்பார்கள்.

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ஏமாறும் இடம் ஒன்று: டி480 வேறு, டி480எஸ் வேறு. எஸ் மெலிசு, ஆனால் அதில் ராமின் ஒரு பங்கு போர்டில் பற்றவைத்தது, காலி ஸ்லாட் ஒன்றுதான். டி470 பார்க்க அச்சு அசல் டி480 போலவே இருக்கும், உள்ளே 6-வதோ 7-வதோ. அடிப்பக்க ஸ்டிக்கரில் மாடல் பெயரைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

திரையையும் கேளுங்கள். டி480-ல் 1366 x 768 திரையோடும் நிறைய வந்தன. சாய்த்துப் பார்த்தால் நிறம் வெளிறும், சர்க்யூட் படமும் டேட்டாஷீட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. 1920 x 1080 ஐபிஎஸ் (சாய்த்துப் பார்த்தாலும் நிறம் வெளிறாத திரை) என்றால் மட்டும் எடுங்கள். பின்னால் திரை மாற்றுவது ராம் போடுவதைவிடப் பெரிய செலவு.

படிப்புக்கு என்ன வேண்டும் என்பதற்கு வருகிறேன். முதல் வருடம் பைத்தான், சி, கொஞ்சம் ஆபீஸ் வேலை. இதற்கு எந்த நாலு கோரும் போதும். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் டிராஃப்டரும் ஷீட்டும் வைத்துப் போடுவது. இரண்டாம் வருடத்திலிருந்து சர்க்யூட் சிமுலேஷன்: எல்டிஸ்பைஸ் இலவசம், 8 ஜிபியில் தாராளம். ஆர்டுயினோ போர்டுக்கு நிரல் எழுதும் மென்பொருள், சர்க்யூட் போர்டு வரையும் கீகேட் இரண்டும் இலவசம், இலகு. கணக்கீட்டு மென்பொருளான மேட்லேப் லேபில் இருக்கும். வீட்டில் பழக அதே மாதிரியான இலவச ஆக்டேவ் போதும், இல்லை மேட்லேப் ஆன்லைனில் மாதம் 20 மணி நேரம் இலவசம். பாரமானது ஒன்றே ஒன்று, எஃப்பிஜிஏ-வுக்கான (உள் சர்க்யூட்டை நாமே எழுதி அமைக்கும் சிப்) விவாடோ மென்பொருள். டிஸ்கில் பல பத்து ஜிபி இடம் கேட்கும், 8 ஜிபி ராமில் சிந்தசிஸ் (எழுதியதைச் சர்க்யூட்டாக மாற்றும் வேலை) போட்டால் தவழும். அது மூன்றாம் வருட வாக்கில் வரும் தலைவலி. அப்போது 16 ஜிபி ஆக்க இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா என்பதுதான் இன்றைக்குப் பார்க்க வேண்டியது. தனி கிராஃபிக்ஸ் கார்டு ஈ.சி.ஈ.க்குத் தேவையே இல்லை. அதற்கென்று 2,000 கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள். சூடும் பேட்டரிச் செலவும்தான் மிச்சம்.

ராம் பற்றி இன்னொன்று. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டே போனது. "பிறகு போட்டுக்கலாம்" என்பது முன்போல மலிவான யோசனை அல்ல. வாங்கும்போதே 8-க்கும் 16-க்கும் கடையில் எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள். பழைய லேப்டாப் கடைகளில் கழற்றிய ராம் கிடக்கும், பேரத்தில் அது சுலபமாக இறங்கும். இரண்டு 8 ஜிபியாகப் போட்டால் இரண்டு பாதையும் வேலை செய்து உள் கிராஃபிக்ஸ் வேகமும் கூடும்.


ஒகேனக்கல் பரிசல்:

மேலே சொன்னதில் தப்பில்லை. ஆனால் காசை எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம்.

ஒன்று, 2025-26 மாநில பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். தங்கச்சியின் கல்லூரிக்கு, அவள் ஆண்டுக்கு எப்போது என்று கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் "இந்த லிங்கில் பதிவு செய்தால் இலவச லேப்டாப்" எதையும் தொடாதீர்கள். இதற்கு ஆதார் படம், ஓடிபி என்று கேட்டால் மோசடி என்று முடிவு கட்டிவிடலாம். உறுதியான பதில் வந்தால் முதல் செமஸ்டரை லேப் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிவிடலாம். வராவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு, படிப்புக் கடன் போடுவதாக இருந்தால் கம்ப்யூட்டரைத் தனியாகக் கைக்காசில் வாங்காதீர்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டரும் செலவுக் கணக்கில் சேரும். கடையில் ஜிஎஸ்டி எண்ணோடு கொட்டேஷன் வாங்கி, கட்டண விவரத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். கடன் ஒப்புதல் ஆனபின் பில்லைக் கொண்டு போய் நீட்டினால் சேர்ப்பது கஷ்டம். தங்கச்சி 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். ராம், பேட்டரி மாற்றும் செலவு அதில் அடங்கிவிடும்.

புதுசுதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், 25,000-ல் நல்ல புதுசு கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். இன்னும் ஏழு, எட்டாயிரம் சேரும்வரை பொறுத்து, ஐ3-1215யு போட்ட மாடல், அதிலும் ராம் ஸ்லாட் காலியாக இருப்பதைப் பாருங்கள். ரைசன் 3 7320யு என்று ஒன்று வரும், பெயரில் 7 பார்த்து மயங்க வேண்டாம். ஏஎம்டி அந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தில்தான் உள்ளே இருக்கும் கோரின் தலைமுறையைச் சொல்கிறது. 2 என்றால் 2019-ல் வந்த ஜென் 2. அதற்கு ராமும் போர்டிலேயே பற்றவைத்தது, 8 என்றால் கடைசிவரை 8.


ராகிக்களி (தருமபுரி):

மூன்றாவது கேள்விக்கு நான். பழைய லேப்டாப் வாங்கப் போகும்போது கையில் ஒரு 8 ஜிபி பென் டிரைவ், ஒரு டைப்-சி கேபிள், ஹெட்போன், ஹாட்ஸ்பாட் போட டேட்டா உள்ள போன். பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் லைவ் (நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் ஓ.எஸ்.) ஏற்றிவிடுங்கள். கடைக்காரரின் விண்டோஸை நம்பாமல் வெப்கேம், ஸ்பீக்கர், வைஃபை, டச்பேட் எல்லாம் அதிலேயே சோதிக்கலாம். ஒரு லேப்டாப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். "அவ்வளவு நேரம் முடியாது" என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடை.

எல்லாவற்றுக்கும் முன் பூட்டு. கம்பெனியிலிருந்து வந்த லேப்டாப்பில் மூன்று விதப் பூட்டு இருக்கலாம், மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பயாஸ் (விண்டோஸுக்கு முன் எழும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு: ஆன் செய்தவுடன் லெனோவாவில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். "உள்ளே இருக்கிற காயின் பேட்டரியைக் கழட்டினா போயிடும்" என்பார்கள். திங்க்பேடில் அது தனி சிப்பில் எழுதியிருக்கிறது, பேட்டரி கழற்றினால் போகாது.

கம்ப்யூட்ரேஸ்: அதே பயாஸில் செக்யூரிட்டி பகுதியில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்று இருக்கும். ஆக்டிவேட் ஆகியிருந்தால் பழைய கம்பெனி தொலைவிலிருந்து லேப்டாப்பை முடக்க முடியும். ஆக்டிவேட் ஆகாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் இப்போது அதிகம் மாட்டுவது: ஆட்டோபைலட். லேப்டாப்பின் அடையாளம் பழைய கம்பெனியின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியே கிடக்கும். கடையில் இணையம் இல்லாமல் விண்டோஸ் போட்டுத் தந்துவிடுவார்கள், நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்து ரீசெட் செய்தால் கம்பெனி பெயரைப் போட்டு "ஆபீஸ் ஈமெயில் கொடு" என்று நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கடையிலேயே செட்டிங்ஸில் ரிகவரி போய் ரீசெட், எல்லாவற்றையும் அழி என்று கொடுத்து, செட்டப் வரும்போது உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைப்பது. வழக்கமான "வீட்டு உபயோகமா, ஆபீஸா" கேள்வி வந்தால் சுத்தம். முக்கால் மணி நேரம் பிடிக்கும். மற்ற சோதனைகளை முதலில் முடித்துக்கொண்டு கடைசியாக இதைப் போடுங்கள்.

இதிலேயே லைசென்ஸும் தெரிந்துவிடும். இந்த பிசினஸ் மாடல்களில் விண்டோஸ் ப்ரோ கீ பெரும்பாலும் பயாஸிலேயே எழுதியிருக்கும். ரீசெட் ஆகி இணையம் கிடைத்ததும் ஆக்டிவேஷன் தானாக "ஆக்டிவ்" காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முன்பு கிராக் போட்டு ஓட்டியிருக்கலாம்.

பேட்டரிக்கு: கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒரு பக்கம் உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் மிச்ச ஆயுள். 80 சதவீதத்துக்கு மேல் நன்று. 60-க்குக் கீழ் என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். இந்த எண்களும் சில சமயம் பொய் சொல்லும். அதனால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு யூடியூப் 20 நிமிடம் ஓடவிடுங்கள். 10 முதல் 12 சதவீதம் இறங்கினால் சரி. 40-ல் இருந்தது திடீரென்று 7-க்கு விழுந்தால் செல் போய்விட்டது. டச்பேட் மேடு தட்டியிருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அதை விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும். ஹெல்த் சதவீதமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் வரும். அசல் எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு ஊர் பேர் தெரியாத 256 ஜிபி போட்டுத் தருவது நடக்கும். சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான், வெஸ்டர்ன் டிஜிட்டல், கியோக்ஸியா, தோஷிபா, இந்த மாதிரி பெயர் வந்தால் பெரும்பாலும் கம்பெனியில் போட்டது.

சூட்டுக்கு: மூன்று நாலு யூடியூப் ஜன்னலை 1080-ல் ஒன்றாக ஓட்டிவிட்டு டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழுந்து எழாமல் கிடந்தால் ஃபேனில் தூசி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. இது சின்ன வேலை, சுத்தம் செய்து பேஸ்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள். டெல் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. டெல் சார்ஜர் பின்னின் நடுவில் ஒரு ஊசி இருக்கும், அதன் வழியாகத்தான் லேப்டாப் சார்ஜரை அடையாளம் காணும். டூப்ளிகேட் சார்ஜரோ ஊசி உடைந்ததோ என்றால் பேட்டரி ஏறாது, ப்ராசஸர் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். பயாஸில் சார்ஜர் 65 வாட் என்று காட்டுகிறதா பாருங்கள்.

டி480-க்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. டைப்-சி துளையை இயக்கும் ஆரம்ப கால தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் (சிப்பிலேயே பதிந்த மென்பொருள்) கோளாறு இருந்தது, அப்டேட் செய்யாமல் ஓட்டினால் காலப்போக்கில் டைப்-சி வேலை செய்யாமல் போகும். அந்த மாடலுக்கு சார்ஜிங்கே டைப்-சிதான். இரண்டு டைப்-சி துளையிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். வாங்கியபின் முதல் வேலை லெனோவா தளத்திலிருந்து அந்த அப்டேட்.

கீபோர்டில் ஒவ்வொரு விசையும், யூஎஸ்பி ஒவ்வொன்றும், ஹெச்டிஎம்ஐ, ஹெட்போன் துளை, கீல். திரையை ஒரு விரலால் தூக்கிப் பாருங்கள், கரகரவென்றால் கீல் போகப் போகிறது. இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.


ஏசி டிசி:

எஸ்.பி. ரோடு போவதாக இருந்தால்: கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழி பெங்களூர் பஸ்ஸில் பொம்மசந்திராவிலேயே இறங்கிவிடுங்கள். 2025 ஆகஸ்டிலிருந்து மஞ்சள் மெட்ரோ அங்கிருந்து ஆர்.வி. ரோடு வரை ஓடுகிறது. அங்கே பச்சைத் தடத்துக்கு மாறி கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் டவுன் ஹால் பக்கம் நடந்தே போகலாம். சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை பூட்டியிருக்கும்.

ஆனால் போவது லாபமா என்பதைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் போக வர, சாப்பாடு என்று சில நூறு போகும். ஒரு நாள் வேலை கெடும். விலை வித்தியாசம் 1,500 முதல் 2,000 இருந்தால்தான் கட்டும். வாரண்டியில் ஏதாவது என்றால் திரும்பவும் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓசூரிலும் சேலத்திலும் இதே சரக்கு, இதே பெங்களூரிலிருந்துதான் வருகிறது. முதலில் அங்கே மாடல் பெயர் சொல்லி போனில் விலை கேளுங்கள். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில், அதில் மாடலும் சீரியல் எண்ணும், வாரண்டி எத்தனை மாதம், பேட்டரி அதில் சேருமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். "ஏதாவது ஒண்ணுன்னா வாங்க, பார்த்துக்கலாம்" என்பது வாரண்டி இல்லை.

ஹாஸ்டல் இல்லாமல் வீட்டிலிருந்து போய்வருபவர்கள் யாராவது இதைப் படித்தால்: கையளவு மினி பிசி பாருங்கள். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3060 மைக்ரோ, லெனோவா எம்720க்யூ போன்றவை. பழைய மானிட்டரோடு சேர்த்தே லேப்டாப்பைவிட மலிவாக முடியும், வேகம் கூட. ஒரு 600 விஏ யூபிஎஸ் கட்டாயம். அதில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இந்தச் சின்னப் பெட்டிக்கும் மானிட்டருக்கும் அரை மணி நேரம் வரை தாங்கும். இந்தக் கேள்விக்கு இது பொருந்தாது, சொல்லி வைக்கிறேன்.


மாங்கூழ்:

எல்லாருக்கும் நன்றி. கல்லூரியில் கேட்டாச்சு, முதலாண்டுக்கு எப்போது என்று உறுதியாகச் சொல்லவில்லை. அதனால் வாங்கிவிடலாம் என்று முடிவு. ஓசூரில் ஒரு கடையில் மூன்றையும் பார்த்தோம். மூன்றும் ஐ5-8350யு, மூன்றும் 1920 x 1080.

டி480: 8 ஜிபி, 256 ஜிபி, 20,500. பேட்டரி இரண்டு: உள்ளே 24 வாட்-ஹவரில் மிச்சம் 16.5, வெளியே 24-ல் 11.
லாட்டிட்யூட் 7490: 8 ஜிபி, 512 ஜிபி, 20,000. பேட்டரி 60-ல் 38. பயாஸில் கம்ப்யூட்ரேஸ் "ஆக்டிவேட்" என்று இருக்கிறது, மாற்ற முடியவில்லை. கடைக்காரர் ஒன்றும் ஆகாது என்கிறார்.
840 ஜி5: 16 ஜிபி (இரண்டு 8), 256 ஜிபி, 23,500. பேட்டரி 50-ல் 41. திரை மட்டும் பக்கவாட்டில் பார்த்தால் மங்கலாக இருக்கிறது.

மூன்றுக்கும் ஆறு மாத வாரண்டி, பேட்டரிக்கு ஒரு மாதம். ரீசெட் இன்னும் போடவில்லை, எதை எடுப்பது என்று முடிவானால் அதற்குப் போடலாம் என்கிறார்.


ராகிக்களி:

7490-ஐ விட்டுவிடுங்கள். 512 ஜிபியைக் காட்டி இழுக்கிறார்கள். ஆக்டிவேட் ஆன கம்ப்யூட்ரேஸை முன்னாள் உரிமையாளர் கம்பெனிதான் விடுவிக்க முடியும். ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் ஏதாவது ஆகிவிட்டால், ஆறு மாத வாரண்டியில் அது வராது.


சால்டர் இரும்பு:

840 ஜி5. கணக்கு இதோ. சாதாரண வேலைக்கு இந்தச் சிப் உள்ள லேப்டாப்கள் திரை வெளிச்சத்தோடு சேர்த்து மணிக்கு 7, 8 வாட்-ஹவர் தின்னும். 840-ல் 41 இருக்கிறது, ஐந்து மணி நேரம். 50-ல் 41 என்றால் 82 சதவீதம், நல்ல நிலை. டி480-ல் இரண்டும் சேர்த்து 27.5, மூன்றரை மணி. வெளி பேட்டரி 46 சதவீதத்தில் கிடக்கிறது, இந்த வருடமே மாற்ற வேண்டியது. அதற்கு 72 வாட்-ஹவர் பெரிய பேட்டரி போட்டால் நாள் முழுக்க ஓடும் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் செலவையும் இன்னொரு 8 ஜிபி ராமையும் 20,500-ஓடு கூட்டினால் 25,000-ஐத் தாண்டிவிடும். 840-ல் இரண்டும் இப்போதே 23,500-க்குள் அடங்குகிறது.

திரை மங்கலைப் பற்றி: அது கோளாறாக இல்லாமல் ஷ்யூர் வியூ திரையாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்தவர் பார்க்க முடியாமல் மறைக்கும் வசதி, சில 840 ஜி5-களில் மட்டும் வந்தது. கீபோர்டில் எஃப்2 விசை மேல் அதற்கான படம் இருந்தால் அழுத்திப் பாருங்கள். அணைத்தால் தெளிவாகும். அணைத்த பிறகும் சாதாரண ஐபிஎஸ் அளவுக்குப் பளிச்சென்று இருக்காது. நேரே உட்கார்ந்து ஒரு பக்கம் பிடிஎஃப் படித்துப் பாருங்கள். தங்கச்சியே பார்க்கட்டும், கண் அவளுடையது. உறுத்தினால் அதே மாடலில் ஷ்யூர் வியூ இல்லாத பீஸ் கேளுங்கள். ஒரே லாட்டில் கலந்துதான் வரும்.

23,500-ஐ 22,500-க்குக் கேளுங்கள். இறங்காவிட்டால் தெர்மல் பேஸ்ட் மாற்றி, ஒரிஜினல் 65 வாட் சார்ஜர் தரச் சொல்லுங்கள். 45 வாட் கொடுத்தாலும் ஓடும், மெதுவாக ஏறும். மிச்சம் இருக்கும் 1,500-ல் மவுஸ், 64 ஜிபி பென் டிரைவ், முதுகுப்பை. கூலிங் பேட் வாங்க வேண்டாம். 256 ஜிபி நிரம்பினால் எம்.2 எஸ்எஸ்டியை மாற்றிக்கொள்ளலாம், அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.


மாங்கூழ்:

எஃப்2 அழுத்தினால் தெளிவானது. ரீசெட் போட்டோம், கம்பெனி பெயர் எதுவும் கேட்கவில்லை, விண்டோஸ் 11 ப்ரோ தானாக ஆக்டிவ். 23,000-க்கு முடிந்தது, பேஸ்ட் மாற்றி 65 வாட் சார்ஜரும் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டு மேல் மூடியைத் தடவினால் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல லேசாக ஷாக். கடையில் இது இல்லை. லேப்டாப் கோளாறா? வோல்டேஜ் குறைவதாலா?


சால்டர் இரும்பு:

லேப்டாப்பும் இல்லை, வோல்டேஜும் இல்லை. சார்ஜரில் எழுதியிருப்பதைப் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். சாயங்காலம் 170-க்கு இறங்கினாலும் அது கவலைப்படாது. பிரச்சனை எர்த். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்ன கெபாசிட்டர் உண்டு, அதன் வழியாக மிகக் குறைந்த அளவு கரண்ட் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 840-ன் அலுமினிய மூடியில் வந்து நிற்கும். பிளாஸ்டிக் மூடி லேப்டாப்பில் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தால் முதலில் அதை மாற்றி நேராகச் சுவர் பாயிண்டில் போடுங்கள். அப்படியும் வந்தால் அந்த பாயிண்டுக்கு எர்த் வயர் இழுக்காமலே விட்டிருப்பார்கள், அல்லது வீட்டு எர்த் குழி காய்ந்திருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். இதை லேப்டாப்புக்காக மட்டும் செய்ய வேண்டாம், கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் அதே எர்த்துதான்.